அரசருக்குப் பிறந்தநாள், தெரு மக்களுக்கு: நெதர்லாந்தின் ஏப்ரல் 27

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் முதலில் காலண்டரைப் பார்த்துக்கொள்வது நல்லது. 27ஆம் தேதி நெதர்லாந்து அரசர் வில்லெம் அலெக்சாந்தரின் பிறந்தநாள். நாடு முழுக்க விடுமுறை. ஆம்ஸ்டர்டாமின் நடுப்பகுதியில் அன்று டிராம் ஓடாது, பஸ் ஓடாது, கார் நுழைய முடியாது. ஒன்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் வெளியிலிருந்து பல லட்சம் பேர் வந்து இறங்குவார்கள். துலிப் பூக்கும் காலமும் அதுவே என்பதால் ஓட்டல் வாடகை அந்த வாரம் தாறுமாறாக ஏறும். டச்சு மொழியில் இந்த நாளுக்கு 'கோனிங்ஸ்டாக்' என்று பெயர். அரசர் தினம்.

இணையத்தில் தேடினால் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி படம்: கால்வாய் நிறையப் படகுகள், படகு நிறைய ஆரஞ்சு சட்டைக்காரர்கள், கையில் பீர். அது உண்மையான காட்சிதான். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் இந்த நாளின் ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். இந்த நாளில் நடக்கும் முக்கியமான காரியம் தண்ணீரில் நடப்பதில்லை, நடைபாதையில் நடக்கிறது. வருடத்தில் ஒருநாள் அரசும் நகராட்சியும் தங்கள் விதிகளில் சிலவற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, தெருவைக் குடியிருப்பவர்களிடம் கொடுத்துவிடுகின்றன. அரசரின் பிறந்தநாள் அதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

இது எவ்வளவு வித்தியாசமானது என்று புரிய, பக்கத்திலிருக்கும் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே மன்னரின் 'அதிகாரபூர்வப் பிறந்தநாள்' ஜூனில் வரும். லண்டனில் குதிரைப்படையும் சிவப்புச் சட்டைக் காவலர்களும் அணிவகுப்பார்கள், விமானப்படை வானத்தில் பறக்கும், மக்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். பார்ப்பதற்கு அருமையான நிகழ்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் அங்கே மக்களின் வேலை பார்ப்பது மட்டும். நெதர்லாந்தில் அரசரும் வந்து பார்க்கிறார், மக்கள் தாங்களே விழாவை நடத்துகிறார்கள்.

நடத்துவது எப்படி என்றால், விற்பதன் மூலம். 'ஃப்ரைமார்க்ட்' என்று அழைக்கப்படும் தெருச்சந்தைதான் இந்த நாளின் உயிர். அன்று யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலோ நடைபாதையிலோ ஒரு போர்வையை விரித்து, பழைய சாமான்களை அடுக்கிக் கடை போடலாம். உரிமம் எடுக்க வேண்டாம், விற்பனை வரி கட்ட வேண்டாம். மற்ற நாளில் தெருவில் வியாபாரம் செய்ய முறையான அனுமதி கேட்கும் நாடு, அன்றைக்கு ஏழு வயதுப் பிள்ளையிடம்கூட எதுவும் கேட்பதில்லை. சாராய வகைகளை அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்பது போலச் சில கட்டுப்பாடுகள் மட்டும் அன்றும் உண்டு.

என்ன விற்பார்கள்? கால் வளர்ந்துவிட்டதால் போட முடியாத ஷூ, ஒன்றிரண்டு துண்டு தொலைந்த புதிர்ப்படம், லெகோ மூட்டை, பாட்டியின் மேசை விளக்கு, இசைத்தட்டு, படக்கதை, விளிம்பு உடைந்த காபிக் கோப்பை, ஒருமுறை மட்டும் போட்ட ஸ்கேட்டிங் காலணி. விலையெல்லாம் பெரும்பாலும் சில்லறையில்தான். விற்க எதுவும் இல்லாத பிள்ளைகள் தங்கள் திறமையை விற்பார்கள். வயலின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளியில் கற்ற இரண்டே இரண்டு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பெண். காசு கொடுத்தால் தன் முகத்தில் ஈர ஸ்பாஞ்சை எறிய அனுமதிக்கும் பையன். வீட்டில் சுட்ட கேக், வீட்டில் கலக்கிய எலுமிச்சைச் சாறு. பெற்றோர் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பேரம் பேசுவதும் சில்லறை எண்ணுவதும் பிள்ளைகளின் பொறுப்பு. தயக்கம் விட்டு, முன்பின் தெரியாத பெரியவரிடம் விலை சொல்லிப் பழகும் இடம் இது. நெதர்லாந்துக்காரர்களிடம் சிறுவயது நினைவைக் கேட்டால் பலரும் இந்தச் சந்தையைத்தான் முதலில் சொல்வார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

ஆம்ஸ்டர்டாமில் சந்தை காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை. நகரின் பெரிய பூங்காவான ஃபோண்டல்பார்க் அன்று பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது, பெரியவர்கள் அங்கே கடை போடக் கூடாது. நல்ல மூலை கிடைக்க வேண்டுமென்று சில நாள் முன்பே நடைபாதையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, அல்லது டேப் ஒட்டி, 'இடம் பிடித்தாயிற்று' என்று எழுதிவிடுவார்கள். இப்படி முன்கூட்டியே பிடிப்பதைச் சில நகராட்சிகள் தடுக்கப் பார்க்கின்றன, வழக்கம் என்னவோ போவதாயில்லை. நகரின் தெற்கே அபோல்லோலான் என்ற அகலமான சாலையில் வசதியான வீட்டுக்காரர்கள் கடை போடுவார்கள், அங்கே நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் அதிகாலையிலேயே போய்விடுவார்கள். யோர்டான் பகுதியின் சின்னச் சின்ன தெருக்களில் சந்தையும் பாட்டும் குடியும் கலந்து இருக்கும்.

இந்த நாள் தொடக்கத்திலிருந்தே பிள்ளைகளின் நாள்தான். இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 1880களில் நெதர்லாந்தை ஆண்ட மூன்றாம் வில்லெம் மக்களுக்குப் பிரியமானவர் என்று சொல்ல முடியாது. முரட்டுக் குணத்துக்குப் பேர்போனவர். முதல் மனைவிக்குப் பிறந்த மகன்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள், கடைசியாக எஞ்சியிருந்த அலெக்சாந்தர் 1884இல் காலமானார். வாரிசாக மிஞ்சியது, இரண்டாவது மனைவி எம்மாவுக்கு 1880 ஆகஸ்ட் 31 அன்று பிறந்த வில்ஹெல்மினா என்ற சிறுமி மட்டும். நாடோ புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர், தாராளவாதி, சோஷலிஸ்ட் என்று பிரிந்து கிடந்தது. எல்லோரும் சேர்ந்து கொண்டாட ஒரு நாள் வேண்டும், ஆனால் கிழவராகிவிட்ட அரசரை வைத்து அது நடக்காது. உட்ரெக்டில் ஒரு நாளிதழின் ஆசிரியராக இருந்த கெர்லாக், இளவரசியின் பிறந்தநாளை எல்லோருக்கும் பொதுவான நாளாகக் கொண்டாடலாம் என்று எழுதினார். 1885 ஆகஸ்ட் 31 அன்று, வில்ஹெல்மினாவுக்கு ஐந்து வயது நிறைந்தபோது, உட்ரெக்டில் முதல் 'இளவரசி தினம்' நடந்தது. ஐந்து வயதுக் குழந்தையின் மீது யாருக்கும் அரசியல் கோபம் இருக்க முடியாதல்லவா? நல்ல யோசனை. பிற ஊர்களும் பிடித்துக்கொண்டன.

1890இல் அரசர் இறந்தார், பத்து வயதில் வில்ஹெல்மினா அரசியானார், மறுவருடம் முதல் அது 'அரசி தினம்' ஆயிற்று. கோடை விடுமுறையின் கடைசி நாட்களில் வந்ததால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊர்வலமும் விளையாட்டும் நடத்தத் தோதாக அமைந்தது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மசாலாக் கேக்கைக் கையால் தொடாமல் கடிப்பது, இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் ஆடும் ஆணியைக் குனிந்து பாட்டிலுக்குள் இறக்குவது, மரப்பலகையில் வட்டுகளைத் தள்ளி விளையாடுவது. இன்றைக்கும் சின்ன ஊர்களில் இதே விளையாட்டுகள் நடக்கின்றன. 2013 முதல், அரசர் தினத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையை ஒட்டித் தொடக்கப் பள்ளிகளில் 'அரசர் விளையாட்டு' என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்து காலை உணவு சாப்பிட்டு விளையாடுகிறார்கள். 1885இன் எண்ணம் அப்படியே தொடர்கிறது.

வில்ஹெல்மினா தன் பெயரால் நடந்த விழாக்களில் அதிகம் தலைகாட்டியதில்லை. அவர் மகள் யூலியானா 1948இல் அரசியானதும் தேதி அவரது பிறந்தநாளான ஏப்ரல் 30க்கு மாறியது. 1949 முதல் அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். பார்ன் ஊரிலுள்ள சூஸ்ட்டைக் அரண்மனையின் படிக்கட்டில் குடும்பத்தோடு நிற்பார், மக்கள் வரிசையாக வந்து பூவும் கேக்கும் ஊர்ச்சிறப்புகளும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தொலைக்காட்சி வந்த பிறகு நாடே வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்த்தது.

அவருடைய மகள் பியாட்ரிக்ஸ் 1980 ஏப்ரல் 30 அன்று பதவியேற்றார். அந்த நாளை ஆம்ஸ்டர்டாமில் வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. நகரில் கடும் வீட்டுப் பஞ்சம். காலியாகக் கிடந்த கட்டடங்களில் குடியேறிய இளைஞர்கள், 'வீடு இல்லையென்றால் முடிசூட்டலும் இல்லை' என்ற முழக்கத்தோடு தெருவில் இறங்கினார்கள். தேவாலயத்துக்குள் பதவியேற்பு நடந்துகொண்டிருக்க, வெளியே கல்லெறியும் கண்ணீர்ப்புகையுமாக நகரம் கொதித்தது. அரச குடும்பத்தின் நாளில் தெரு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அன்றைக்கு மக்கள் கோபத்தோடு கேட்டார்கள்.

பியாட்ரிக்ஸ் இரண்டு முடிவுகள் எடுத்தார், இரண்டும் இன்றுவரை இந்த நாளை வடிவமைக்கின்றன. அவரது சொந்தப் பிறந்தநாள் ஜனவரி 31. அந்தக் குளிரில் தெருவில் யாரும் நிற்க முடியாது. அதனால் அம்மாவின் தேதியான ஏப்ரல் 30ஐயே வைத்துக்கொண்டார், அது தாய்க்குச் செய்யும் மரியாதையாகவும் அமைந்தது. இரண்டாவது, அரண்மனைப் படிக்கட்டில் நின்று மக்களை வரவழைப்பதை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஓரிரு ஊர்களுக்குத் தானே போனார். அங்கே உள்ளூர்க் கலைஞர்கள், கைவினைக்காரர்கள், பிள்ளைகள் செய்து காட்டுவதைக் குடும்பத்தோடு நடந்து பார்ப்பார். யூலியானா காலத்தில் மக்கள் அரச வாசலுக்கு வந்தார்கள், பியாட்ரிக்ஸ் காலத்தில் அரச குடும்பம் மக்களின் வாசலுக்குப் போனது. ஆம்ஸ்டர்டாமின் சந்தை இன்றைய பிரம்மாண்டத்துக்கு வளர்ந்ததும் இதே காலத்தில்தான்.

மக்களுக்கு நடுவே நடப்பதில் ஆபத்தும் உண்டு. 2009இல் அபெல்டோர்ன் நகரில், அரச குடும்பம் திறந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, ஒருவர் காரைக் கூட்டத்துக்குள் வேகமாக ஓட்டினார். வேடிக்கை பார்க்க நின்றவர்களில் ஏழு பேர் உயிரிழந்தார்கள், ஓட்டியவரும் மறுநாள் இறந்தார். நேரடி ஒளிபரப்பில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்பு கூடியது, ஆனால் ஊர் ஊராகப் போகும் வழக்கத்தைக் கைவிடவில்லை. மறுவருடமே மீண்டும் நடந்தார்கள். இப்போதைய அரசரும் அதையே தொடர்கிறார்: 2014இல் டி ரைப், ஆம்ஸ்டெல்ஃபேன், 2017இல் டில்பர்க், 2022இல் மாஸ்ட்ரிக்ட், 2023இல் ராட்டர்டாம், 2024இல் எம்மன், 2025இல் டூட்டின்கெம். 2020இல் கொரோனா காரணமாக எல்லோரும் வீட்டிலேயே கொண்டாடினார்கள், ஜன்னலோரம் நின்று தேசிய கீதம் பாடினார்கள்.

பியாட்ரிக்ஸ் 2013 ஏப்ரல் 30 அன்று மகனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 2014 முதல் நாள் ஏப்ரல் 27க்கு மாறியது, பெயரும் 'அரசர் தினம்' ஆனது. 27 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் முந்தைய நாளே கொண்டாடுவார்கள், ஞாயிறு ஓய்வுநாள் என்ற புராட்டஸ்டன்ட் மரபு அதற்குக் காரணம். தற்செயலாக முதல் அரசர் தினமே அப்படி ஞாயிறில் விழுந்து, 2014இல் 26ஆம் தேதி நடந்தது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அந்த வருடம் 30ஆம் தேதி ஆரஞ்சு உடுத்தி ஆம்ஸ்டர்டாமில் வந்து நின்ற வெளிநாட்டுப் பயணிகளைப் பற்றி டச்சுப் பத்திரிகைகள் எழுதின. 2025இலும் 26ஆம் தேதிதான். அடுத்து 2031இல் இப்படி வரும்.

சரி, ஏன் ஆரஞ்சு? கொடியில் அந்த நிறம் இல்லை. சிவப்பு, வெள்ளை, நீலம்தான். நிறம் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஆரஞ்சு என்பது தெற்கு பிரான்சிலுள்ள ஒரு சிறிய ஊர், ஒருகாலத்தில் தனிச் சிற்றரசு. ஜெர்மனியில் பிறந்த வில்லெம் என்ற 11 வயதுச் சிறுவன், உறவினர் ஒருவர் போரில் வாரிசின்றி இறந்ததால், 1544இல் அந்தச் சிற்றரசுக்கு உரியவனானான். அவரே பிற்காலத்தில் ஸ்பெயின் அரசருக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்று, 1584இல் டெல்ஃப்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டின் தேசிய கீதமே அவரைப் பற்றியதுதான். ஆரஞ்சு என்ற ஊர் 1713இல் பிரான்ஸுக்குப் போய்விட்டது. பெயரும் நிறமும் குடும்பத்திடம் தங்கிவிட்டன. கவனிக்க வேண்டியது, இவர்கள் நீண்ட காலம் அரசர்களாக இருக்கவில்லை. நெதர்லாந்து குடியரசாக இருந்தது, ஆரஞ்சு குடும்பத்தார் அதில் ஆளுநர் பதவி வகித்தார்கள். முடியாட்சி உறுதியாக நிலைத்தது 1815இல்தான்.

நம் கடற்கரையையும் இந்தக் குடும்பத்தின் கதை தொட்டிருக்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி கோட்டை வைத்திருந்தது தெரிந்ததே. 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, ஆரஞ்சு குடும்பத்தின் ஐந்தாம் வில்லெம் இங்கிலாந்துக்குத் தப்பினார். லண்டனுக்கு அருகிலுள்ள கியூவிலிருந்து, டச்சுக் குடியேற்றங்களைப் பிரிட்டிஷாரின் பொறுப்பில் விடும்படி கடிதங்கள் எழுதினார். அந்தக் கடிதங்களைக் காட்டித்தான் பிரிட்டிஷார் இலங்கைக்கு வந்தார்கள். ஆனாலும் திருகோணமலையில் முற்றுகை போட வேண்டியிருந்தது. ஆகஸ்டில் அது விழுந்தது, அப்புறம் யாழ்ப்பாணம், மறுவருடம் கொழும்பு. இன்று ஆம்ஸ்டர்டாமில் தோளில் ஆரஞ்சுத் துணி போட்டு நடக்கிறவர்கள் யாருக்கும் இது நினைவில் இருக்காது. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவில் இருக்கலாம்.

அந்த நிறத்துக்கு உண்மையான உணர்ச்சியை ஏற்றியது இரண்டாம் உலகப் போர். 1940 மே மாதம் ஜெர்மனி நாட்டைப் பிடித்தது, வில்ஹெல்மினா லண்டனுக்குச் சென்றார். அடுத்த மாதம் 29ஆம் தேதி யூலியானாவின் கணவர் பெர்ன்ஹார்டின் பிறந்தநாள். அவர் எப்போதும் சட்டையில் வெள்ளைக் கார்னேஷன் பூ செருகியிருப்பார். அன்று தி ஹேக் நகரில் மக்கள் அதே பூவைச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்கள், அரண்மனை முன்பு பூக்களைக் குவித்தார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்த எதிர்ப்பு அது. ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஆத்திரமடைந்து நகர மேயரைப் பதவியிலிருந்து நீக்கியது. அரச பிறந்தநாள் கொண்டாட்டங்களும் தடைசெய்யப்பட்டன. ஐந்து வருடம் காட்ட முடியாமல் ஒளித்து வைத்திருந்த நிறத்தை 1945இல் மக்கள் வெளியே எடுத்தபோது, அதற்கு அரச குடும்பத்தைத் தாண்டிய அர்த்தம் வந்துவிட்டது. இன்றும் அரசர் தினம் முடிந்த ஒரு வாரத்தில், மே 4 அன்று போரில் இறந்தவர்களுக்கான மௌன அஞ்சலி, மே 5 அன்று விடுதலை நாள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஆரஞ்சின் கனம் தெரியும். கேரட்டை ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றி வளர்த்ததே அரச குடும்பத்தைக் கௌரவிக்கத்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு ஆதாரமில்லை.

முடியாட்சி வேண்டாம் என்கிற டச்சுக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 2020 அக்டோபரில், மக்களை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்த நேரத்தில் அரச குடும்பம் கிரீஸுக்கு விடுமுறை போனது பெரும் கோபத்தைக் கிளப்பியது. அரசர் காணொளியில் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அடிமை வணிகத்தில் நாட்டுக்கும் தன் முன்னோருக்கும் இருந்த பங்குக்காக, 2023 ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஓஸ்டர்பார்க்கில் நின்று அவர் மன்னிப்புக் கேட்டார். இந்த விவாதங்கள் தொடர்கின்றன, தொடரவும் வேண்டும். ஆனால் முடியாட்சியை எதிர்ப்பவரும் ஏப்ரல் 27 காலையில் பிள்ளையோடு போர்வை விரிக்கப் போகிறார். அரசரைப் பிடிக்கிறதா என்று அந்தச் சந்தையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. விழா இத்தனை காலம் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில் ஊருக்கு உழைத்தவர்களைக் கௌரவிக்கும் வழக்கமும் இந்த நாளோடு ஒட்டியிருக்கிறது. முந்தைய வேலைநாளில் மேயர்கள் சுமார் 3000 பேருக்கு அரச விருது அணிவிப்பார்கள். பெரும்பாலும் பெரிய பெயர்கள் கிடையாது. நூலகத்தில் நாற்பது வருடம் தொண்டு செய்தவர், ஊர்க் கால்பந்துச் சங்கத்தைக் கட்டிக் காத்தவர் போன்றவர்கள்.

உண்மையான மிரட்டல் வேறிடத்திலிருந்து வருகிறது. ஆம்ஸ்டர்டாம் இந்த நாளில் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. மியூசியம் சதுக்கத்தில் ஒரு வானொலி நிலையம் நடத்திய இலவச இசை நிகழ்ச்சிக்கு வருடாவருடம் கூட்டம் பெருகி, ரயில் நிலையங்களே திணறும் நிலை வந்தது. கடைசியில் அந்த நிகழ்ச்சியை வேறு நகரான பிரெடாவுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. பெரிய விழாக்களை நடுப்பகுதியிலிருந்து வெளியே தள்ளுவது இப்போது நகராட்சியின் கொள்கை. குடித்துக் கூச்சலிடும் கூட்டம் பெருகப் பெருக, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடை போடும் குடும்பம் மெல்ல விலகும். அந்தக் குடும்பம் போய்விட்டால் விழாவில் மிஞ்சுவது என்ன? பயணியாகப் போகிற ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். நாம் போவது இன்னொருவர் வாசலுக்கு.

அப்படியானால் எப்படிப் போவது? காலையில் போவதுதான் நல்லது. ஏழு, எட்டு மணிக்குச் சந்தை விரிந்திருக்கும், நடக்க இடமிருக்கும், பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள். ஃபோண்டல்பார்க்கில் தொடங்கி அபோல்லோலான் பக்கம் போகலாம். மதியத்துக்கு மேல் நடுப்பகுதியும் கால்வாய்க் கரைகளும் நெரிசலாகிவிடும். சிறு குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வந்தவர்கள் அதற்குள் வெளியேறிவிடுவது பாதுகாப்பு. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்தைத் தவிர்த்து ஸூய்ட், ஆம்ஸ்டெல் போன்ற நிலையங்களில் இறங்கினால் சிரமம் குறையும். அன்று ரயில்கள் தனிக் கால அட்டவணையில் ஓடும், முந்தைய நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். சில்லறை நாணயம் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் ஃபோன் வழியாகப் பணம் அனுப்பிவிடுவார்கள், அதற்கு அங்கத்திய வங்கிக் கணக்கு வேண்டும். கழிப்பறை பெரிய பிரச்சினை. சில வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக் கழிப்பறையையே ஓரிரு யூரோவுக்குத் திறந்து விடுவார்கள், வெட்கப்படாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். வெயில் அடிக்கும் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போக வேண்டாம், ஏப்ரல் கடைசியிலும் அங்கே கடுங்குளிர் மழை வரும். மழை பிடித்துக்கொண்டால் ரைக்ஸ்மியூசியம் திறந்திருக்கும், அது வருடத்தில் எல்லா நாளும் திறக்கும் அருங்காட்சியகம். சாப்பிட, 'டாம்பூஸ்' என்ற கிரீம் அடைத்த பேஸ்ட்ரியைத் தேடுங்கள். வழக்கமாக மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு இருக்கும், அந்த வாரம் மட்டும் ஆரஞ்சாக மாறும்.

என்னைக் கேட்டால் ஆம்ஸ்டர்டாமை விட உட்ரெக்டைச் சொல்வேன். 1885இல் எல்லாம் தொடங்கிய ஊர். அங்கே சந்தை முந்தைய நாள் மாலை 6 மணிக்கே ஆரம்பித்து இரவு முழுக்க நடக்கும். கைவிளக்கை வைத்துக்கொண்டு நள்ளிரவில் பழைய புத்தகம் தேடுகிறவர்களை வேறெங்கே பார்க்க முடியும்? ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இசைதான் வேண்டும் என்றால் 26 இரவு தி ஹேக் நகரம். அரச குடும்பத்தை நேரில் பார்க்க ஆசையென்றால் அந்த வருடம் அவர்கள் போகும் ஊரை விசாரித்துக்கொண்டு அதிகாலையில் போய் இடம் பிடிக்க வேண்டும். நடை காலை பதினொன்று வாக்கில் தொடங்கி சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தத் தேதி எவ்வளவு காலம் இருக்கும் என்றும் ஒரு கேள்வி உண்டு. பட்டத்து இளவரசி அமாலியா பிறந்தது 2003 டிசம்பர் 7. அவர் அரசியாகும்போது விழாவை அந்தத் தேதிக்கு மாற்றினால், நாலரை மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில் நடைபாதையில் போர்வை விரித்து எந்தப் பிள்ளையும் உட்கார முடியாது. டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கோலாஸ் பண்டிகை வேறு இருக்கிறது. பாட்டி பியாட்ரிக்ஸ் 1980இல் தன் பிறந்தநாளை விட்டுக்கொடுத்து ஏப்ரலைத் தேர்ந்ததுபோல் பேத்தியும் செய்யக்கூடும். அப்படியானால் அன்று பிறக்காத ஓர் அரசியின் பெயரில், பழைய ஷூவையும் புதிர்ப்படங்களையும் விற்க வசதியான வசந்த நாளில், அந்தச் சந்தை நடக்கும்.